மருந்து டேங்கில் விரிசலா? ஒட்டாதீர்கள், உருக்கிச் சேருங்கள்

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறோம். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் 16 லிட்டர் டேங்கின் அடிமூலையில் இரண்டு அங்குல விரிசல். பெவிக்விக், எம்சீல் இரண்டும் சில நாளில் உரிந்துவிட்டன. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். இத்தகைய டேங்குகள் பெரும்பாலும் ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக். அதில் சாதாரணப் பசை பிடிப்பதே இல்லை, எந்தக் கம்பெனியானாலும் சரி. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கிறதா பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். அதற்கும் இதே முறைதான், சூடு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். எண்ணே இல்லாவிட்டால் ஒரு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. மூழ்கினால் வேறு வகை, சூடு வைக்காதீர்கள், பி.வி.சி.யாக இருந்தால் நச்சுப்புகை வரும்.

டேங்கை சோப்புத் தண்ணீரில் கழுவி, மூன்று முறை அலசுங்கள். அலசிய தண்ணீர் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. மருந்தடித்த மரங்களுக்கே தெளித்துவிடுங்கள். மருந்து மிச்சத்தோடு சூடு வைத்தால் அந்தப் புகை நேராக உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும். வேலையைத் திறந்தவெளியில், காற்று முதுகுப்பக்கம் அடிக்கும்படி உட்கார்ந்து செய்யுங்கள்.

பழைய பசையைத் துளிகூட விடாமல் சுரண்டுங்கள். அப்போதே கத்தியைக் கவனியுங்கள்: பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்தால் உயிர் இருக்கிறது. மாவாக உதிர்ந்தால் வெயிலில் இற்றுப்போய்விட்டது. இணைத்தாலும் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும், புது டேங்க்தான் வழி.

விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள். இதை விட்டால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு விரிசல் நெடுக, கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு 'வி' வடிவில் பள்ளம் சீவுங்கள். நிரப்புவதற்கு அதே எண் போட்ட சுத்தமான கேனில் 4 மி.மீ. அகலத்தில் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் டேங்கின் ஒதுக்குப்புறத்தில் ஒரு துண்டை உருக்கி ஒட்டி, ஆறியதும் இழுத்துப் பாருங்கள். பிய்ந்து வந்தால் இனம் வேறு, வேறு கேன் தேடுங்கள்.

60 வாட் சால்டரிங் அயர்ன் போதும். ஹெச்.டி.பி.இ. சுமார் 130 டிகிரியிலேயே உருகும். பலரும் தவறுவது இங்கேதான்: பட்டையை மட்டும் உருக்கி மேலே பூசிவிடுவார்கள், அது ஆறியதும் தோலாக உரியும். முனையை முதலில் பள்ளத்தில் வைத்து, அடிப்பரப்பு பளபளவென்று ஈரம்போல் மின்னியதும் பட்டையை அழுத்துங்கள். இரண்டும் சேர்ந்து உருகக் கிளறி, அரை அங்குலம் அரை அங்குலமாக நகருங்கள். புகை வந்தால் சூடு அதிகம், முனையை எடுத்துவிடுங்கள். உள்பக்கம் கை எட்டினால் அங்கும் ஒரு வரி போடுவது நல்லது. தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். உடனே குளிர்ந்தால் இழுத்துக்கொண்டு கோணும்.

கைப்பம்பால் காற்றடைத்து அழுத்தம் ஏற்றும் சிறு தெளிப்பான்களுக்கு இந்த ஒட்டுவேலை கூடவே கூடாது, வெடித்துவிடும். உங்களுடையதில் அழுத்தம் தனி அறையில் ஏறுவதால், டேங்க் தண்ணீர் பாரத்தை மட்டும் தாங்கினால் போதும்.

நிரம்பிய டேங்கைத் தரையில் தொப்பென்று வைப்பதாலும் அடிமூலை வெடிக்கும்; 16 கிலோ பாரமும் அங்கே இறங்குகிறது. மருந்து கலக்கும் முன் வெறும் தண்ணீர் நிரப்பி, காய்ந்த சிமெண்டுத் தரையில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் ஈரம் தெரிந்தால், நன்றாக உலர்த்திக் கசியும் இடத்தை மட்டும் மறுபடி பள்ளமெடுத்து உருக்குங்கள்.