பங்குத்தந்தையின் முடிவைக் கேள்வி கேட்பது பாவமா?

பாவம் இல்லை. கேள்வியைப் பார்த்தால் உங்கள் பங்குக் கோயிலிலும் ஏதோ ஒரு கணக்கு நோட்டு குறுக்கே நிற்கிறது போலிருக்கிறது.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை. அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த நான்கு வருடமும் கோயில் சந்தா கட்டவில்லை. மாதம் 50 ரூபாய். அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும், ஓலை வாசிக்கச் சொல்லி, அதாவது கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசிக்கச் சொல்லி, கேட்கப் போனோம். பங்கு மக்களின் குழுவான பங்குப் பேரவையின் பொருளாளர் நீள நோட்டைத் திருப்பி எங்கள் பெயருக்கு நேரே விரலை வைத்தார். பாக்கி 2,400. கட்டினால்தான் முதல் ஓலை. பங்குச் சாமியாரிடம் போனால், "பேரவை முடிவம்மா" என்றார். பேரவையிடம் போனால், "சாமி சொல்லாமல் நாங்கள் செய்வோமா?" என்றார்கள்.

அம்மா தோட்டை அடகு வைத்தாள். ஓலை வாசித்த ஞாயிறன்று அவள் காதுத் துளையில் வேப்பங்குச்சி. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முக்காட்டைக் கன்னம் வரை இழுத்துவிட்டிருந்தாள்.

1983-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தைப் பிற்பாடுதான் படித்தேன். பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே என்கிறது 536-ஆம் பிரிவு. ஏழ்மையால் எவருக்கும் ஞானஸ்நானம், திருமணம் போன்ற அருட்சாதனம் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்கிறது 848. உங்கள் கேள்விக்குப் பதில் 212-இல் இருக்கிறது: மேய்ப்பர்களிடம் மரியாதையோடு கருத்துச் சொல்வது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட. அன்றைக்கு இதில் ஒரு வரி தெரிந்திருந்தால் போதும்.

உடனே "சபையைத் தூற்றுகிறாள்" என்று கிளம்ப வேண்டாம். கோயிலுக்கும் மின்கட்டணம் உண்டு, உபதேசியாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், தெரியும். விசுவாசக் கோட்பாடு வேறு, சந்தா நோட்டு வேறு. நான் கேட்பது இரண்டாவதை. இன்றும் மாதம் ஒரு ஞாயிறு சேலத்திலிருந்து அதே கோயிலுக்குத்தான் பூசைக்குப் போகிறேன். நேரத்துக்குப் போய்ச் சேருவதுதான் பாடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிலாவது ஒன்றில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போட்டுப் படம் எடுக்கிறார்கள். பஸ் பின்னால் உறுமிக்கொண்டு நிற்கிறது. நான் உள்ளே நுழையும்போது நற்செய்தி முடிந்திருக்கும்.

நீங்கள் வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருப்பது அந்த 2,400 ரூபாய்க்கான ரசீது மட்டும்தான். அம்மா அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். "மனமுவந்து அளித்த காணிக்கை" என்று அதில் அச்சிட்டிருக்கிறது.