கிரிப்டோ படிக்க காயின் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: கணக்கியல் வேலையில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். பங்குச் சந்தை ஓரளவு தெரியும், புரோகிராமிங் தெரியாது. கிரிப்டோவும் பிளாக்செயினும் நிதிச் சந்தையில் என்ன செய்கின்றன என்று முறையாகப் படிக்க ஆசை. ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். கட்டணம் போக, அவர்கள் தரும் லிங்க் வழியாக, காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் கணக்கு தொடங்கி, 'பிராக்டிகல்' வகுப்புக்காகக் கொஞ்சம் பணமும் போட வேண்டும் என்கிறார்கள். முடிவில் சான்றிதழ் உண்டாம். சேரலாமா?

பதில்: வேண்டாம். ஒரு காயின்கூட வாங்காமல் படிக்கலாம். புரோகிராமிங் இல்லாமலும் தொடங்கலாம்.

முதலில் அந்த லிங்க். அது ரெஃபரல் லிங்க். அதன் வழியாகச் சேர்ந்தவர் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விற்கும்போதும், எக்ஸ்சேஞ்ச் பிடிக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு லிங்க் கொடுத்தவருக்குப் போகும். உங்களுக்கு லாபமோ நஷ்டமோ, அவருக்கு வரவுதான். அப்புறம் பிராக்டிகல் வகுப்பில் என்ன நடக்கும்? அடிக்கடி வாங்கி விற்கச் சொல்லித் தருவார்கள். வாத்தியார் வேஷத்தில் வரும் தரகர்கள் இவர்கள்.

இந்த வேஷம் புதிதும் இல்லை. 2014-ல் தொடங்கிய ஒன்காயின் என்ற நிறுவனம், தான் விற்பது 'கல்வித் தொகுப்பு' என்றுதான் சொன்னது. தொகுப்பு வாங்கினால் கூடவே டோக்கன், அந்த டோக்கன் பிறகு காயினாகும், ஆள் சேர்த்தால் கமிஷன். கடைசியில் பார்த்தால் அதற்குப் பின்னால் உருப்படியான பிளாக்செயினே, அதாவது பரிவர்த்தனைகளைப் பதிந்து வைக்கும் பொதுப் பேரேடே, கிடையாது. நடத்திய ருஜா இக்னாடோவா 2017-ல் காணாமல் போனார். 2022-ல் எஃப்.பி.ஐ. தன் முதல் பத்துத் தேடப்படுவோர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. போன பணம் 400 கோடி டாலருக்கு மேல் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் கணக்கு. காயின் விற்கிறேன் என்று வந்தால் நாம் நாலு கேள்வி கேட்போம். பாடம் என்றால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

சரி, எங்கே தொடங்குவது? பிளாக்செயினில் பதிந்திருப்பதை யாருக்கும் திறந்து காட்டும் பிளாக் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையதளங்கள் இருக்கின்றன. கணக்கு, பணம் எதுவும் கேட்காது. பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் ஒன்றைத் திறந்து, 0 என்ற எண்ணுள்ள பிளாக்கைத் தேடுங்கள். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக் வரும். அதற்குள் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் அன்றைய தலைப்புச் செய்தி பதிந்திருக்கும்: வங்கிகளைக் காப்பாற்ற இரண்டாவது முறையாக அரசுப் பணம் தரப்போகும் செய்தி.

அடுத்து, இன்றைய பரிவர்த்தனை ஏதாவது ஒன்றைத் திறங்கள். 0.5 பிட்காயின் உள்ளே வந்திருக்கிறது, ஒரு முகவரிக்கு (கணக்கு எண் போன்றது) 0.3, இன்னொன்றுக்கு 0.1999 போயிருக்கிறது என்று வையுங்கள். அந்த இரண்டாவது பெரும்பாலும் அனுப்பியவருக்கே திரும்பும் சில்லறை. மீதி 0.0001 எங்கே? அதுதான் பரிவர்த்தனையைப் பதிவதற்கான கட்டணம். பரிவர்த்தனைக்குள் அதற்கென்று தனி வரி எழுதப்படுவதில்லை. உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழித்தால் கிடைப்பது. தளம் அதைக் கழித்துக் காட்டும். நீங்களும் கையால் ஒரு பத்துப் பரிவர்த்தனை போட்டுப் பாருங்கள். பேரேடு பார்த்துப் பழகிய உங்களுக்கு இது பிடித்துவிடும்.

பிறகு, பிட்காயினை உருவாக்கிய சதோஷி நாகமோட்டோவின் 2008 கட்டுரை. மொத்தமே ஒன்பது பக்கம். கடைசியில் வரும் கணிதத்தைத் தாண்டிவிடுங்கள். எம்.ஐ.டி. 2018-ல் நடத்திய 'பிளாக்செயின் அண்ட் மணி' வகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. எடுத்தவர் கேரி கென்ஸ்லர், பின்னாளில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவரானவர்.

நிதிச் சந்தை என்றதும் எல்லோரும் பிட்காயின் விலையைப் பார்க்கிறார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவில், பிட்காயினையே நேரடியாக வைத்திருக்கும் ஈ.டி.எஃப். (பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் உங்கள் படிப்புக்கு ஏற்ற இடம் ஸ்டேபிள்காயின், அதாவது டாலர் போன்ற ஒன்றோடு மதிப்பைக் கட்டி வைத்த காயின். 2023 மார்ச் மாதத்து அந்த ஒரு வார இறுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யு.எஸ்.டி.சி. அப்படி ஒரு ஸ்டேபிள்காயின்: ஒரு டாலருக்கு ஒரு காயின். அதற்கு ஈடாக வைத்த கையிருப்பில் 330 கோடி டாலர் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் இருந்தபோது, வெள்ளிக்கிழமை அந்த வங்கி விழுந்தது. சனி, ஞாயிறு வங்கிக்கு விடுமுறை, காயினுக்கு ஏது விடுமுறை? ஒரு டாலர் காயின் 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. டெபாசிட் முழுவதும் கிடைக்கும் என்று ஞாயிறு மாலை அரசு சொன்ன பிறகு ஏறி வந்தது. கிரிப்டோவும் வங்கியும் எங்கே கை கோத்திருக்கின்றன என்பது இதில் தெரிவதுபோல எந்த விலை வரைபடத்திலும் தெரியாது.

இதைப் பாடமாக வைக்க வேண்டியவை பல்கலைக்கழகங்கள். நான் உட்கார்ந்த ஒரு பாடத்திட்டக் குழுவில், ஸ்டேபிள்காயின் பற்றி ஒரே ஒரு அலகு சேர்க்க மூன்று கூட்டம் ஆனது. மூன்றாவதில் 'அடுத்த கல்வியாண்டில் பார்க்கலாம்' என்று எழுந்துவிட்டார்கள். இப்படியிருந்தால் லிங்க் கொடுப்பவர்கள் கடை விரிக்காமல் என்ன செய்வார்கள்? வேலைக்கு எடுப்பவர்களும் கையில் ஒரு சான்றிதழைக் கேட்கிறார்கள், அது யார் கொடுத்தது என்று திருப்பிப் பார்ப்பதில்லை.

காசு கொடுத்துப் படிப்பதில் ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். பணம் எந்த முகவரியிலிருந்து எங்கே போனது என்று பின்தொடரும் தொழில்முறை மென்பொருள்கள் உண்டு. தணிக்கையிலும் பணமோசடித் தடுப்பிலும் பயன்படுபவை. அவற்றை இலவசமாக முழுதாகக் கற்க முடியாது. உங்கள் நிறுவனம் அப்படிப்பட்ட வேலை செய்கிறது, அதே மென்பொருளை வாங்கியிருக்கிறது, அதை இயக்கப்போவது நீங்கள், கட்டணமும் நிறுவனமே கட்டுகிறது என்றால் தாராளமாகச் சேருங்கள். நாலில் ஒன்று குறைந்தாலும் பொறுங்கள். 'நீங்கள் கட்டிவிடுங்கள், பிறகு தருகிறோம்' என்று நிறுவனம் சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருள் இனிமேல்தான் வாங்கப்போகிறார்கள் என்றால், வாங்கட்டும், பிறகு படிக்கலாம். அதற்குள் அவர்கள் வேறொன்றை வாங்கிவிடுவதும் உண்டு.

பிராக்டிகல்தான் வேண்டுமென்றால், எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினுக்கு செபோலியா போன்ற ஒரு சோதனை வலையமைப்பு இருக்கிறது. அதில் ஓடும் ஈதர் (எத்தீரியத்தின் காயின்) இலவசம், மதிப்பும் பூஜ்யம். அதை விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். பயிற்சிக்குப் புதிதாக ஒரு வாலட் (காயினைக் கையாளும் செயலி) உருவாக்கிக்கொள்ளுங்கள். அது தரும் 12 சொற்கள்தான் அதன் சாவி. அவற்றைக் கேட்பவர் எந்த வாத்தியாராக இருந்தாலும் திருடன்தான்.

அந்த மையத்தில் முன்பணம் கட்டியிருந்தால் ரசீதோடு இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள். லிங்க்கில் கணக்கு தொடங்கி அடையாளச் சான்றும் கொடுத்துவிட்டீர்களா? பணம் போடாமல் அந்தக் கணக்கை மூடச் சொல்லி எக்ஸ்சேஞ்சுக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை மையத்தின் டெலிகிராம் குரூப்பிலிருந்து வெளியே இருங்கள்.