பழங்கட்டடச் சீரமைப்புப் படிப்பில் சிமென்டை விட்டுச் சுண்ணாம்பை ஏன் முதலில் கற்றுத் தருகிறார்கள்?

பழங்கட்டடச் சீரமைப்பு என்பது, கட்டியபோது இருந்த பொருளுக்கு ஒத்த பொருளாலேயே பழுது பார்ப்பது. சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி, சாந்து வழியே வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். வியர்த்த உடம்பில் மழைக்கோட்டைப் போட்டுப் பூட்டியதுபோல ஈரம் உள்ளேயே தங்கும். அந்த ஈரத்தில் கரைந்த உப்பு செங்கலுக்குள் படிகமாகும். பிறகு விரலால் தேய்த்தாலே செங்கல் மாவாகக் கொட்டும்.

அதனால் பயிற்சியில் சாந்துக்கு நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. பழைய சாந்தை, செங்கல்களுக்கு இடையே உள்ள இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கு உளியால் எடுக்க வேண்டும் (மின்சாரத்தில் சுழன்று அறுக்கும் கிரைண்டர் வேண்டவே வேண்டாம், செங்கல் ஓரத்தை அறுத்துவிடும்). சுவரை நனைத்து, சாந்தை அழுத்தி நிரப்பி, ஈரச் சாக்கால் சில நாள் மூடுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும்.

சுண்ணாம்பு வலுவற்றது, ஆகவே மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சாந்து செங்கல்லைவிட மென்மையாகத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் தேய்வது மாற்றக்கூடிய சாந்தாக இருக்கும், செங்கல் தப்பும்.