சூரியன் 14 செ.மீ., பூமி ஒரு கடுகு

வணக்கம் ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். சூரியக் குடும்பம் பாடத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன வருடம் பிள்ளைகள் தெர்மாகோல் உருண்டையில் மாடல் செய்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பாடம் முடிந்ததும், "சூரியன், சந்திரன் ரெண்டில் எது நமக்கு ரொம்ப தூரம்?" என்று கேட்டேன். "ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் டீச்சர்" என்றார்கள். கோள்களின் வரிசையை மனப்பாடம் செய்யப் பாட்டு ஏதாவது இருக்கிறதா? புளூட்டோவைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா? ராகுவும் கேதுவும் ஏன் புத்தகத்தில் இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்குத் தொலைநோக்கி வாங்கித்தர ஊரில் ஒருவர் தயாராக இருக்கிறார். எதை வாங்கச் சொல்லலாம்?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் ஆசிரியை)

அன்புள்ள டீச்சர்,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வரிசைக்குப் பாட்டு வேண்டாம். மொத்தமே எட்டுப் பெயர், அதில் ஐந்து கிழமைப் பெயர்கள். புளூட்டோவுக்கு ஒரு வரி போதும்: அதைப் போன்ற பொருட்கள் அந்தப் பக்கம் அடுத்தடுத்துத் தென்பட்டதால், 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் வகையில் சேர்த்தது. இதற்கு ஒரு பீரியட் செலவழிக்காதீர்கள். தொலைநோக்கிக்குப் பதிலாக, இப்போதைக்கு 10x50 பைனாகுலரும் அதைப் பொருத்த ஒரு முக்காலியும் கேளுங்கள். சந்திரனின் பள்ளங்களும் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் அதிலேயே தெரியும். எந்தக் கருவியையும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ராகு, கேது பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணைத் தட்டிக்கொடுங்கள். கோயிலில் பார்த்ததையும் புத்தகத்தில் படித்ததையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது அவளுக்கு. பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் சந்திரனின் பாதை 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தப் பாதை தளத்தைக் கடக்கும் இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அங்கே பொருள் எதுவும் கிடையாது. அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நேர்ந்தால்தான் கிரகணம். இரண்டு வளையல்களைச் சாய்த்துக் கோத்துக் காட்டுங்கள், உடனே பிடித்துக்கொள்வாள்.

இனி தெர்மாகோலுக்கு வருகிறேன். "பக்கத்துல பக்கத்துலதான்" என்று சொன்ன பிள்ளைகள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். அப்படிக் காட்டியவர் நீங்கள். இரண்டடிப் பலகையில் ஒன்பது உருண்டைகளைக் கம்பியில் குத்தி வைத்தால், கோள்களெல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன என்றுதான் எந்தக் குழந்தைக்கும் தோன்றும். அந்தப் பலகையில் பூமிக்கு 5 செ.மீ. உருண்டை வைத்திருந்தால் சூரியனுக்கு ஐந்தரை மீட்டர் உருண்டை வேண்டும், அதை 587 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நெப்டியூன் 17 கி.மீ.க்கு அப்பால் போய்விடும். அளவும் பொய், தூரமும் பொய். நிறம் ஒன்றுதான் மிச்சம், அதற்கும் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். பெற்றோருக்குக் காசு, பிள்ளைகளுக்குப் பசை ஒட்டிய விரல், கடைசியில் மிஞ்சுவது ஒரு தவறான படம். பிஞ்சு மனதில் ஒருமுறை பதிந்த படத்தை அழிப்பது லேசான காரியமில்லை டீச்சர். தயவுசெய்து இந்த வருடம் அதைச் செய்யச் சொல்லாதீர்கள்.

சூரியக் குடும்பத்தில் அதிகமாக இருப்பது வெற்றிடம். அதைக் காட்டாத பாடம் மீதி எதைக் காட்டினாலும் பயனில்லை. "14 கோடியே 96 லட்சம் கி.மீ." என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், அந்த எண் வாயோடு போய்விடும். காலால் நடக்க வையுங்கள். அளவையும் தூரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்குங்கள். கணக்குக்கு மிக வசதியானது 1 மீட்டருக்கு 1 கோடி கி.மீ. அப்போது 1 செ.மீ. என்பது ஒரு லட்சம், 1 மி.மீ. என்பது பத்தாயிரம். ஆறாம் வகுப்புப் பிள்ளை புள்ளியை நகர்த்தியே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும்.

சூரியன் 14 செ.மீ. காம்பஸை 7 செ.மீ. விரித்து மஞ்சள் சார்ட்டில் வட்டம் போட்டு வெட்டி, ஒரு குச்சியில் ஒட்டுங்கள். பூமி 1.3 மி.மீ., அதாவது ஒரு கடுகு. கடுகில் பெரிசும் சிறிசும் உண்டு. பத்துக் கடுகை ஸ்கேல் ஓரமாக வரிசையாக வைத்தால் 13 மி.மீ. வர வேண்டும், அந்த ரகத்தை எடுங்கள். வெள்ளிக்கும் அதே கடுகுதான். புதனுக்கு அரை மி.மீ. ரவைத் துகள், செவ்வாய்க்கு 0.7 மி.மீ., கசகசாவில் பொடியாகப் பார்த்து ஒன்று. வியாழனுக்கு 14 மி.மீ., சனிக்கு 12 மி.மீ. களிமண் உருண்டைகள். களிமண் காய்ந்தால் சுருங்கும், அதனால் ஒரு மி.மீ. கூட்டியே உருட்டச் சொல்லுங்கள். யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் 5 மி.மீ., மிளகு சரியாக இருக்கும். சனியின் வளையத்தை வெளி விட்டம் 27, உள் விட்டம் 15 மி.மீ. வைத்துக் காகிதத்தில் வெட்டலாம். ஆனால் சாதாரணக் காகிதத்தின் கனமே நம் கணக்கில் ஆயிரம் கி.மீ. ஆகிவிடும். உண்மையில் அந்த வளையம் பெரும்பாலும் சில பத்து மீட்டர் கனம்தான். இதைச் சொல்லிவிட்டு ஒட்டுங்கள்.

கடுகைக் கையில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் தொலைந்துவிடும். போஸ்ட்கார்டு அளவு அட்டையில் ஃபெவிகால் சொட்டு வைத்து ஒட்டுங்கள். கடுகுக்கும் மிளகுக்கும் வெள்ளை அட்டை, ரவைக்கும் கசகசாவுக்கும் கறுப்பு அட்டை. பூமி அட்டையில் கடுகிலிருந்து 3.8 செ.மீ. தள்ளி ஒரு மணல் துகளை ஒட்டினால் அது சந்திரன். மனிதன் இதுவரை போய் வந்த அதிகபட்ச தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய விண்கலமான ஆதித்யா எல்1 நிற்பது கடுகிலிருந்து 15 செ.மீ. தூரத்தில். சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த 15 செ.மீ.ஐக் காட்டுங்கள்.

ஆனால் சூரியனிலிருந்து பூமிக்கு 15 மீட்டர் என்பதைப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். நான் இங்கே பிடிவாதமாக நிற்பது இதில்தான். பிள்ளைகளே அதை அளக்க முடியும். ஒரு சின்னச் சமதளக் கண்ணாடி எடுத்து, மேலே காகிதம் ஒட்டி, பஞ்சிங் மெஷினில் போட்ட ஓட்டை அளவுக்கு (சுமார் 6 மி.மீ.) மட்டும் திறந்து விடுங்கள். ஒரு டப்பா மணலில் அதைக் குத்தி வெயிலில் வையுங்கள். கதவு வழியாக வெளிச்சத்தை இருட்டான வகுப்பறைச் சுவரில் விழச் செய்யுங்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இருந்தால், சுவரில் 9.3 செ.மீ. அகலத்துக்கு ஒரு வட்டம் விழும். ஓட்டை சதுரமாக இருந்தாலும் வட்டமாகத்தான் விழும், ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். 10 மீட்டரை 9.3 செ.மீ.ஆல் வகுத்தால் 107. சூரியனின் விட்டம் எவ்வளவோ, அதைப்போல 107 மடங்கு தூரத்தில் சூரியன் இருக்கிறது என்று பொருள். 14 செ.மீ. வட்டத்தை 107 மடங்காக்குங்கள், 15 மீட்டர் வந்துவிடும்.

இதில் பிசகும் இடங்கள் சில உண்டு. கையில் கண்ணாடியைப் பிடித்தால் பிம்பம் ஆடும், அதற்குத்தான் மணல். சூரியன் நகர்வதால் பிம்பமும் ஓரிரு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். ஸ்கேல் வைத்துத் தடவிக்கொண்டிருக்காமல், இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரு ஓரத்தையும் பென்சிலில் குறித்துவிட்டுப் பிறகு அளக்க வேண்டும். ஓரம் மங்கலாக இருக்கும், மங்கலின் நடுவில் குறிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் வட்டம் முட்டையாகும். அப்போது குறுகிய அகலத்தைத்தான் எடுக்க வேண்டும். ஓட்டையைப் பெரிதாக்கினால் பிம்பம் வெளிச்சமாகும், ஆனால் மங்கலும் கூடும். கண்ணாடிக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

அதன்பிறகு மைதானத்துக்குப் போங்கள். நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. (நூல் கயிறு இழுத்தால் நீளும்.) புதன் 5.8 மீட்டர், வெள்ளி 10.8, பூமி 15, செவ்வாய் 22.8. இதுவரை பிள்ளைகள் சளசளவென்று பேசிக்கொண்டு வருவார்கள். அடுத்தது வியாழன், 78 மீட்டர். இந்த இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள். நடக்க நடக்க ஒன்றுமே வராது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்கள் நெருக்கியடித்துக் கிடப்பதாகப் படங்களில் பார்த்திருப்பார்கள். அத்தனையையும் கூட்டினாலும் நம் சந்திரனின் எடையில் 5 சதவீதம்கூடத் தேறாது என்று நடக்கும்போதே சொல்லலாம். சனி 143 மீட்டர், யுரேனஸ் 287, நெப்டியூன் 450. வியாழனுக்கு அப்புறம் கயிறு வேண்டாம். 10 மீட்டருக்கு எத்தனை எட்டு (காலடி) என்று ஒவ்வொருவரும் முதலில் எண்ணி வைத்துக்கொண்டு, எட்டுக் கணக்கில் போகலாம். ஐந்து மீட்டர் கூடக்குறைய வந்தால் பாதகமில்லை.

மைதானம் போதவில்லை என்று சிலர் அங்கேயே திரும்பித் திரும்பி நடந்து 450ஐ முடிப்பார்கள். அது கூடவே கூடாது. நெப்டியூன் சூரியனுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிடும், நடந்தது அத்தனையும் வீண். அளவைப் பாதியாகக் குறைக்கலாமே என்றால் கடுகு தூசியாகிவிடும். பள்ளியில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு போய், மீதியை வெளியே தொடருங்கள். வண்டி போகாத நேரான தெரு, கண்மாய்க்கரை, ஏதாவது ஒன்று. கரை வளைந்தால் சூரியன் மறைந்துவிடும், அதையும் முன்னாலேயே பார்த்து வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் வியாழனோடு நின்று, "நெப்டியூன் அந்த ரேஷன் கடை" என்று கைகாட்டுங்கள்.

ஒவ்வொரு கோளிலும் நிறுத்தி, திரும்பிச் சூரியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கடுகு நிற்கும் இடத்திலிருந்து அந்த மஞ்சள் வட்டம், வானத்துச் சூரியன் நமக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதே அளவில் தெரியும். வானத்துச் சூரியனோடு ஒப்பிட வேண்டாம், கண் போய்விடும். பகலில் நிலா தெரியும் நாளாகப் பார்த்துப் போனால், நிலாவோடு ஒப்பிடலாம். அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். வியாழனில் நின்றால் வட்டம் ஐந்தில் ஒரு பங்கு அகலம். நெப்டியூனிலிருந்து வெறும் மஞ்சள் புள்ளி, முப்பதில் ஒரு பங்கு. வெளிச்சம் முப்பதை முப்பதால் பெருக்கிய அளவுக்கு, 900 மடங்கு குறைகிறது. நெப்டியூன் ஏன் உறைந்து கிடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நம் அளவில் ஒளியின் வேகம் வினாடிக்கு 3 செ.மீ. ஒரு பையனைச் சூரியனிலிருந்து தரையில் ஸ்கேல் வைத்து, வினாடிக்கு 3 செ.மீ. வீதம் ஒரு சாக்பீஸை நகர்த்தி வரச் சொல்லுங்கள். கடுகை அடைய 8 நிமிடம் 20 வினாடி ஆகும். நெப்டியூனுக்கு 4 மணி நேரத்துக்கு மேல். அடுத்த நட்சத்திரம் எங்கே என்று யாராவது கேட்டே தீருவார்கள். 4,000 கி.மீ. இந்தியாவின் தென்வடல் நீளமே 3,214 கி.மீ.தான்.

கடைசியாக, வரிசையாக நின்றதால் கோள்கள் எப்போதும் வரிசையாக நிற்கும் என்று நினைத்துவிடுவார்கள். நடை முடிந்ததும் புதன், வெள்ளி, பூமி மூவரையும் அந்தந்தத் தூரக் கயிற்றைப் பிடித்துச் சுற்ற விடுங்கள். கைத்தட்டு ஒன்றுக்கு ஒரு வாரம். பூமிக்குத் தட்டுக்கு 1.8 மீட்டர், வெள்ளிக்கு 2.1, புதனுக்கு 2.9. பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் 52 தட்டு ஆகியிருக்கும், புதன் நான்கு சுற்று முடித்து மூச்சு வாங்கும். கயிறு ஒன்றோடொன்று சிக்கும், அதனால் சூரியன் பக்க நுனிகளை மூன்று பேர் வெவ்வேறு உயரத்தில் பிடிக்க வேண்டும். பூமிக்காரர் ஏறக்குறைய சரியான வட்டத்தில்தான் போகவேண்டும். முட்டை வடிவப் பாதையைப் படத்தில் பார்த்துவிட்டு, சூரியனுக்குக் கிட்டே வரும்போதுதான் கோடை என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். நம் அளவில் கிட்டத்து முனை 14.7 மீட்டர், தூரத்து முனை 15.2. கிட்டே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிரில்.

கண்ணாடி அளவை நான்கைந்து குழுக்களாகப் பிரித்துச் செய்ய விடுங்கள், எல்லோருடைய எண்களையும் எனக்கு அனுப்புங்கள். யாருக்காவது 95 வந்தாலும் 120 வந்தாலும் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் இருந்த தூரம், ஓட்டையின் அளவு, வட்டம் எவ்வளவு முட்டையாக இருந்தது, இந்த மூன்றையும் சேர்த்து எழுதினால் எங்கே பிசகியது என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.

அன்புடன்.