டரான்டுலா வேண்டாம், கறிவேப்பிலைத் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். 9 வயது மகன், ஏதாவது வளர்த்தே ஆக வேண்டும் என்கிறான். நாய், பூனையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. கொளத்தூருக்கு மீன் வாங்கப் போனபோது பழக்கமான ஒருவர், டரான்டுலா சிலந்திக் குஞ்சு ஒன்றை 4,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாரம் ஒரு பூச்சி போட்டால் போதும், சத்தம் இல்லை, நாற்றம் இல்லை, பேப்பர் எல்லாம் பக்காவாக இருக்கிறது என்கிறார். பதிவுக்கு ஆதார் நகல் கேட்கிறார். முன்பணம் 1,000 ரூபாய் கொடுத்துவிட்டோம். வாங்கலாமா? இப்படி அதிகம் மெனக்கெடத் தேவையில்லாத வேறு உயிர் ஏதாவது உண்டா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும். ஆதார் நகலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது, பைசா செலவில்லாமல். முதலில் இந்தப் 'பேப்பர்' விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த ஒரு சொல்லில்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுச் சிலந்தி நம் ஊருக்குள் எப்படி வருகிறது என்று பாருங்கள். 2021 ஜூலையில் போலந்திலிருந்து அஞ்சலில் வந்த ஒரு பார்சலைச் சென்னையில் சுங்கத்துறையினர் பிரித்தார்கள். உள்ளே பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றிய சின்னச் சின்னக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி, மொத்தம் 107. மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து இனங்கள், அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இருப்பவை. இறக்குமதி உரிமமும் கிடையாது, சுகாதாரச் சான்றும் கிடையாது. வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப முடிவானது. பிடிபட்டது அந்த ஒரு பார்சல். பிடிபடாமல் வருவதுதான் இப்படிக் கைமாறிக் கைமாறி உங்கள் வரைக்கும் வருகிறது.

முறையான வழியே இல்லையா என்று கேட்பீர்கள். ஒன்று இருக்கிறது. தரகர் இதைத்தான் பிடித்துக்கொண்டு பேசுவார் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை அதன் 4-வது அட்டவணையில் சேர்த்தார்கள். அப்படி ஒன்றை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில்தான் பதிவு. அந்தப் பதிவு ஒரு குறிப்பிட்ட உயிருக்கு, ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரில் இருப்பது. கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். குஞ்சு பொரித்தால் அதற்கும் கணக்கு உண்டு. இனப்பெருக்கம் செய்து விற்பவருக்குத் தனி உரிமம் வேண்டும். அப்படியானால் உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் குஞ்சுக்கு ஒரு தாய் இருக்க வேண்டும், அந்தத் தாய் யார் பெயரிலாவது பதிவாகியிருக்க வேண்டும், விற்பவரிடம் அந்த உரிமம் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் உங்கள் எதிரிலேயே இணையதளத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்குமேல் அந்தப் பேச்சு நீளாது.

அவர் காட்டப்போவது ஒரு ஜெராக்ஸ் தாள். 2020-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் தாமாகவே அறிவித்துவிட்டால் பழைய ஆவணம் கேட்கமாட்டோம் என்றார்கள். அப்போது யாரோ எந்தக் கிளிக்கோ ஓணானுக்கோ வாங்கிய ஒப்புகைச் சீட்டின் நகல் இன்றைக்கும் ஊர் சுற்றுகிறது. மேலே அரசு முத்திரை இருப்பதால் பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். உங்கள் சிலந்திக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உங்கள் ஆதாரை வாங்கிக்கொண்டு உங்கள் பெயரில் என்ன பதிவு செய்கிறார், எத்தனை பதிவு செய்கிறார் என்று உங்களால் கண்டுபிடிக்கவும் முடியாது.

பிள்ளைக்கு ஒரு பூச்சி வாங்க நினைக்கும் தாய் இத்தனை சட்டம் படிக்க வேண்டுமா? கூடாது. செல்லப்பிராணி விற்கும் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. எத்தனை கடையில் அந்தச் சான்றிதழ் கண்ணில் படுகிறது? எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று தமிழில் ஒரு பலகை வைக்க என்ன செலவாகிவிடும்? கேட்டால் ஒரு துறை இன்னொரு துறையைக் கை காட்டுகிறது. கடைசியில் மாட்டுவது வாங்கியவர். பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் அந்தச் சிலந்தி உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. வாரம் ஒரு பூச்சி போதும் என்பது உண்மைதான். ஆனால் பெண் டரான்டுலா 15, 20 வருடம் வாழும். உங்கள் மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போன பிறகும் அது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும். தோலுரிக்கும்போது மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டால் நிஜமாகவே செத்துப்போகும். கையிலிருந்து கீழே விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். அமெரிக்க இனங்கள் உதிர்க்கும் முடி கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

இதே ஆள் அடுத்து நட்சத்திர ஆமை கொண்டுவருவார், வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்பார். அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், சிறை வரைக்கும் போகும். பச்சைக்கிளியும் அப்படித்தான். பத்து ரூபாய் நாணய அளவில் பச்சை நிறத்தில், காதோரம் சிவப்புக் கோடோடு ஒரு குட்டி ஆமையைத் தொட்டியோடு விற்பார்கள். அது அமெரிக்க ஆமை, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், பல பத்தாண்டு வாழும். தொட்டி கொள்ளாமல் போனதும் ஆட்கள் அதைக் கோயில் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் ஆமைக்கு இருக்கிற இடமும் இரையும் போய்விடுகிறது. மழைக்காலத்தில் மதில் சுவரில் ஏறும் பெரிய ஆப்பிரிக்க நத்தையையும் பையன் எடுத்துவரக் கூடாது. மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் ஒருவகைப் புழு அதில் இருக்கலாம்.

சரி, எதைத்தான் வளர்ப்பது? உங்கள் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறதா? இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருக்கும். எலுமிச்சை, நாரத்தைச் செடியும் ஆகும். இலைகளைப் பிரித்துப் பாருங்கள். மேல்பக்கத்தில் காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னதாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அது எச்சம் இல்லை, புழு. பறவையை ஏமாற்ற அந்த வேஷம். இரண்டு வகை வண்ணத்துப்பூச்சி இந்தச் செடியில் முட்டையிடும். ஒன்று எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி, மற்றது கறுப்பு நிறத்துக் காமன் மார்மன். இவற்றை வளர்க்க எந்த அனுமதியும் வேண்டாம்.

மூடியில் ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டால் கட்டினால் இன்னும் நல்லது, உள்ளே வியர்க்காது, பூஞ்சை பிடிக்காது. கறிவேப்பிலைக் கொத்தை ஒரு சின்னப் பாட்டில் தண்ணீரில் நிறுத்தி, பாட்டில் வாயைப் பஞ்சால் நன்றாக அடையுங்கள். பஞ்சு வைக்க மறந்தால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும். முதல் தடவை வளர்க்கிறவர்கள் வீட்டில் அடிக்கடி நடப்பது இது. இரண்டு புழு போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். கடைசி வாரத்தில் அது சாப்பிடுகிற சாப்பாட்டுக்குச் சின்னத் தொட்டிச் செடி மொட்டையாகிவிடும். காலையில் பழைய இலையை மாற்றி, மிளகு போலக் கிடக்கும் எச்சத்தைத் தட்டிவிட ஐந்து நிமிடம். பையன் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவனே செய்துவிடுவான். எறும்பு வராமல் இருக்க, பாட்டி தீபாவளிப் பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தட்டில் வைப்பாரே, அப்படி வையுங்கள்.

ஒரே ஒரு ஆபத்து இருக்கிறது. நானும் எத்தனை முறை சொன்னாலும் வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்: கொசு மருந்து. சுவரில் செருகும் கொசு விரட்டித் திரவம், சுருள், ஸ்பிரே எல்லாமே பூச்சியைக் கொல்லும் மருந்துதான். கொசுவுக்கு ஒரு நியாயம், புழுவுக்கு ஒரு நியாயம் என்று அதற்குத் தெரியாது. டப்பா இருக்கும் அறையில் அதைப் போடாதீர்கள். மாநகராட்சி கொசுப்புகை அடிக்க வந்தால் டப்பாவைப் பால்கனியிலிருந்து உள்ளே எடுத்து, ஜன்னலைச் சாத்துங்கள். குடியிருப்பில் கரப்பான் மருந்து அடிக்கும் ஆட்கள் வரும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய கறிவேப்பிலையை எவ்வளவு கழுவினாலும் போடாதீர்கள். பூச்சிமருந்து இலையிலேயே இருக்கும். காலையில் போட்டால் சாயங்காலம் புழு சுருண்டு கிடக்கும், பிள்ளை அழும். மருந்து அடிக்காத செடியின் இலை தொடர்ந்து கிடைக்கும் என்றால் மட்டும் ஆரம்பியுங்கள்.

நாலைந்து முறை தோலுரித்ததும் அந்தக் காக்கை எச்சம் பளிச்சென்ற பச்சைப் புழுவாகிவிடும். அப்போது மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்குப் போலப் பிளந்த ஒரு கொம்பை நீட்டும், அழுகின எலுமிச்சை போல வாடை வரும். அது கடிக்காது, கொட்டாது. என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லாரும் இதை மட்டும் மறுபடி மறுபடி செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். ஒரு தடவையோடு நிறுத்தச் சொல்லுங்கள், புழு களைத்துப்போகும்.

இரண்டு, மூன்று வாரத்தில் ஒருநாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீராகக் கழிந்துவிட்டு, டப்பா முழுக்க அலையும். நோய் என்று பயப்படாதீர்கள், கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. சாய்வாக ஒரு குச்சி வைத்திருந்தால் அதில் ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு, சாய்ந்தபடி அசையாமல் நிற்கும். அந்த நூல் தலைமுடியைவிட மெல்லியது. மகனிடம் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். ஏறக்குறைய பத்து நாளில், பெரும்பாலும் காலை நேரத்தில், வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து கசங்கிய இறக்கையோடு தொங்கும். இறக்கை காய ஒன்றிரண்டு மணி நேரமாகும், தொடவே கூடாது. கீழே சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு சொட்டு விழுந்திருந்தால் ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்திருந்த கழிவு. பறக்கத் தயாரானதும் அன்றைக்கே பால்கனியில் விட்டுவிடுங்கள். சில சமயம் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் பொடிக் குளவிகள் வரும். புழுவாகவோ கூடாகவோ இருக்கும்போதே அந்தக் குளவி உள்ளே முட்டை வைத்திருக்கும். இதை முன்கூட்டியே மகனிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

இன்னும் நீண்ட நாள் ஏதாவது வேண்டும் என்றால் கட்டெறும்பு ராணி. முதல் மழைக்குப் பிறகு டியூப்லைட் வெளிச்சத்துக்கு ஈசலோடு இறக்கை எறும்புகளும் வரும். ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே அளவு, இடுப்பு ஒடுங்கியிருக்காது. எறும்புக்கு இடுப்பு ஊசி போல ஒடுங்கியிருக்கும். தரையில் இறக்கையை உதிர்த்துவிட்டு ஓடும் பெரிய எறும்புதான் ராணி. ஒரு சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், பஞ்சு, ராணி, மறுபடி பஞ்சு. இருட்டான அலமாரியில் வைத்துவிட்டால் முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை, அதாவது சுமார் ஒரு மாதம், சாப்பாடுகூட வேண்டாம். தன் உடம்பில் சேர்த்து வைத்திருப்பதைக் கரைத்தே அது குஞ்சுகளுக்கு ஊட்டும். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இதைவிடச் சுலபமான உயிர் எனக்குத் தெரிந்து கிடையாது. தினமும் எடுத்து ஆட்டிப் பார்த்தால் மட்டும் முட்டையைத் தின்றுவிடும்.

பட்டுப்புழுவும் நல்லதுதான், முசுக்கட்டை இலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால். மே மாதச் சென்னைக்கு அது தாங்காது, டிசம்பர், ஜனவரி சரியான நேரம். குச்சிப்பூச்சி வேண்டும் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் வளர்க்கும் 'இந்தியக் குச்சிப்பூச்சி' நம் தமிழ்நாட்டில் பிடித்துக்கொண்டு போனதன் வாரிசுதான். அதற்குக் குளிர்ச்சி வேண்டும், சென்னை வெயிலுக்குச் சரிவராது. வெளிநாட்டிலிருந்து முட்டை வரவழைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அனுமதியில்லாமல் பூச்சி இறக்குமதி செய்வதும் சட்டவிரோதம்தான்.

நான் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். மழைக்குப் பிறகு பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு, வேல இலை கிள்ளிப் போட்டு வளர்ப்போம். அரிசி போல முட்டையிடும். குஞ்சு வரும் என்று நாள் கணக்கில் காத்திருப்போம், ஒருமுறைகூட வந்ததில்லை. அது மண்ணுக்குள் முட்டையிட்டு, புழு வேரைத் தின்று வளரும் வண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்களுக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை. உங்கள் மகனுக்குப் பொன்வண்டு கிடைத்தால் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த மரத்திலேயே விடச் சொல்லுங்கள். வளர்ந்த வண்டின் ஆயுளே சில வாரம்தான்.

அந்த ஆள் மறுபடி போன் செய்தால் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். கூரியரில் அனுப்பிவிட்டேன் என்று சொன்னால் பார்சலை வாங்காதீர்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். வனத்துறையில் கேட்டால் காட்ட உங்களிடம் அது ஒன்றுதான் இருக்கும்.