பந்தியில் பாட்டு

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு அடுத்த மாதம் கும்பகோணத்தில் கல்யாணம். காலையில் முகூர்த்தம், அன்று மாலையே வரவேற்பு. பந்தல், சாப்பாடு, புகைப்படம் எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். புனேயில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை என்று இசையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் வீடே மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. தம்பிக்கு சாக்ஸபோன் வேண்டும். எனக்கு வீணையும் வயலினும் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்று ஆசை. காலையில் வரும் நாதஸ்வரக்காரர்களையே இருக்கச் சொல்லி, மாலையில் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொன்னால் போயிற்று, தனிச் செலவு எதற்கு என்கிறார் அப்பா. சோக ராகமான முகாரி மட்டும் வந்துவிடக் கூடாது என்று மாமா இப்போதே எச்சரித்துவிட்டார். பாட்டி எதிலும் கலந்துகொள்வதில்லை. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததுமே காது மெஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அறுநூறு பேர் வருவார்கள். அவர்கள் சாப்பிடும்போது பின்னணியில் ஒலிக்க எந்த மாதிரி இசை பொருத்தமாக இருக்கும்? ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. கல்யாண ஏற்பாட்டுக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. என் கல்யாணத்தில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் என் மனைவிதான் சொல்ல வேண்டும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வரவேற்பில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இரவு முழுக்கக் காதுக்குள் வண்டு குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை முதலில் கண்ணில் பட்டது உங்கள் கடிதம். மாட்டிக்கொண்டீர்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். முகாரி வந்தால் வரட்டும். பந்தியில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்கிறவர் ஒருவர் இருந்தால் அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொல்லுங்கள். சாக்ஸபோனா வீணையா என்பதெல்லாம் அக்கா தம்பி சண்டைக்கு ஆகும், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சாக்ஸபோனைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கிய கத்ரி கோபால்நாத்தின் அப்பாவே நாதஸ்வரக்காரர்தான். உங்கள் அப்பாவும் தம்பியும் அந்த ஒரு தகவலை வைத்துச் சமாதானமாகிக்கொள்ளலாம். யாரைக் கூப்பிட்டாலும் என்னென்ன வாசிப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டின் மெட்டை மட்டும் வாசித்தால் சொற்கள் போய்விடும் என்று வாசிக்கிறவர்கள் நினைக்கிறார்கள். போகாது. ஒரு வரவேற்பில், காதலி வேறொருவனைக் கட்டிக்கொண்டு போன பாட்டை ஒருவர் கீபோர்டில் உருகி உருகி வாசித்தார். என் எதிரே இருந்த பெரியவர் வரி பிசகாமல் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, சரணத்தில் திடுக்கிட்டு நிமிர்ந்து, மணமேடை இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமாக ரசம் கேட்டார்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நாதஸ்வரத்தை "கொஞ்சம் மெதுவாக" என்று சொல்ல எப்படி மனம் வந்தது? நான்கு வீதிக்கும் கேட்பதற்காகச் செய்த வாத்தியம் அது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில்தான் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. 2022-ல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரம், தூண் என்று வயதேறிய ஆச்சா மரமாகப் பார்த்து வாங்கிக் கடைகிறார்கள். பக்கத்திலேயே திருவாவடுதுறை. அந்த ஊர் நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாதஸ்வரம்தான் இன்று பெரும்பாலும் எல்லார் கையிலும் இருப்பது. திமிரி என்கிற பழைய குட்டை நாதஸ்வரத்தைவிடச் சுருதி தாழ்ந்தது. சுருதி தாழ்ந்தது என்றால் சத்தம் குறைந்தது என்று உங்கள் அப்பா எடுத்துக்கொள்ளக் கூடாது. மெதுவாக வாசிக்கவே முடியாதா என்றால், முடியும். நல்ல வித்வான் ராத்திரியில் ஆலாபனை செய்யும்போது வாயில் வைத்து ஊதுகிற சீவாளியில் மூச்சு படுகிற சத்தம்கூடக் கேட்கும். அதற்கு எதிரே ஒருவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சாம்பார் வாளிக்கும் அப்பளக் கூடைக்கும் நடுவில் அது நடக்காது. தவில் கதை இன்னும் மோசம். வலது கை விரல்களில் தொப்பி மாதிரி மாட்டிய கெட்டியான கூடு, இடது கையில் பூவரசங்கழி. அதை வைத்துக்கொண்டு அவர் எப்படி மெதுவாக வாசிப்பார்? பட்டாசை மெதுவாக வெடிக்கச் சொல்கிற மாதிரிதான்.

அதோடு, அவர்கள் விடியற்காலை நாலரைக்கு வந்தவர்கள். கெட்டிமேளம் முடிந்து, ஊஞ்சல் முடிந்து, கடைசிப் பந்திக்கு முந்தைய பந்தியில் அவர்களை உட்காரவைக்க யாருக்காவது தோன்றினால் அதிர்ஷ்டம். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் நாதஸ்வரக்காரர் மூன்றரை மணிக்கு மோர் சாதம் மட்டும் சாப்பிட்டார். மற்றதெல்லாம் தீர்ந்துவிட்டது. பரிமாறியவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்குப் பதினாறு வயது. அவர் "போதும் தம்பி, போதும்" என்று இலையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். ஒன்றுமில்லாத வாளியை நான் எடுத்து வந்திருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆகவே அவர்களைப் பகலிலேயே வயிறாரச் சாப்பிடவைத்து, வெற்றிலை பாக்கோடு பேசிய தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, பின்னணி இசை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய சொல் அதுதான். விருந்துக்கென்று இசை எழுதுவது பழைய வழக்கம். ஜெர்மனியில் டெலமான் என்ற இசையமைப்பாளர் 1733-லேயே விருந்து மேசைக்கான இசை என்று சொல்லியே ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டிருக்கிறார். பாரிஸில் எரிக் சாத்தி என்ற இசையமைப்பாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். நாற்காலி மேசை மாதிரி அறையில் அது பாட்டுக்குக் கிடக்கட்டும், யாரும் கவனிக்க வேண்டாம் என்று ஒரு இசை எழுதி, 1920-ல் ஒரு நாடக இடைவேளையில் வாசிக்க வைத்தார். வாத்தியச் சத்தம் கேட்டதுமே வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சாத்தி கூட்டத்துக்குள் ஓடி ஓடி, "பேசுங்கள்! நடமாடுங்கள்! கேட்காதீர்கள்!" என்று கத்த வேண்டியதாயிற்று.

கும்பகோணத்தில் உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். நம்மவர்கள் பேசுவார்கள். பேசத்தானே வருகிறார்கள்? மொய் கொடுக்க இப்போது செல்போன் போதும். திருச்சியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கிளம்பி வருகிறவர், ஒன்றுவிட்ட சகோதரனின் பக்கத்து இலையில் உட்கார்ந்து "உன் பையன் இப்ப என்ன பண்றான்" என்று கேட்கத்தான் வருகிறார். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சுற்றுச் சத்தம் கூடும்போது மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911-லேயே இதைச் சொல்லிவிட்டார். அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். பாட்டு கேட்கிறது, இவர் குரலை உயர்த்துகிறார். பக்கத்து வரிசை அதற்கு மேல் உயர்த்துகிறது. கூடத்தில் இரைச்சல் கூடியதும், பாட்டு எடுபடவில்லையே என்று சவுண்ட் சர்வீஸ் தம்பி ஒரு புள்ளி ஏற்றுகிறார். மறுபடி இவர்கள். மறுபடி அவர். தரையில் கிரானைட், சுவரில் டைல்ஸ், மேலே காங்கிரீட், மேசை எவர்சில்வர். சத்தம் போய் ஒட்டிக்கொள்ள ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. ஒரு மீட்டர் தூரத்தில் இருவர் சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபல் வரும். ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து இலை இளைஞர் செல்போனில் அளந்து காட்டினார்: 91. முப்பதுதானே கூட என்று நினைக்காதீர்கள். பத்துப் பத்தாக ஏறும்போது காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு இரட்டிப்பாகத் தெரியும். எட்டு மடங்கு சத்தத்துக்குள் உட்கார்ந்து நான் உருளைக்கிழங்கு வறுவல் தின்றேன்.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு நஷ்டம் உண்டு. 2009-ல் என் சித்தப்பா மகள் கல்யாணம், மன்னார்குடியில். வரவேற்புப் பந்தியில் எனக்கு இடப்பக்கம் அத்தை, அப்பாவின் அக்கா. இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். எங்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். இலையில் தண்ணீர் தெளித்தால் துளிகள் நடுங்குவது தெரிந்தது. அத்தை என் பக்கம் சாய்ந்து எதையோ கேட்டார். எனக்கு விழவில்லை. "என்ன அத்தை?" என்றேன். மறுபடி சொன்னார், கையை வேறு உயர்த்திக் காட்டினார். இரண்டு தடவை கேட்டாயிற்று, மூன்றாவது தடவை கேட்க ஒரு கூச்சம் வருமே, அது வந்தது. சிரித்துக்கொண்டே பலமாகத் தலையாட்டினேன். அவர் முகம் தெளிந்து, என் முழங்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஜாங்கிரியைப் பிட்டார்.

நாலு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். கொல்லைக் கதவைத் திறந்தால் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. அப்பா நட்ட வேம்பு இல்லை. இரண்டு பேர் கைகோர்த்தாலும் கட்ட முடியாத மரம். அப்பாவின் ஈஸிசேர் முப்பது வருஷம் அதன் கீழேதான் கிடந்தது. தரையோடு அறுத்த அடிமரத்தின் மேல் வெள்ளைத் துணி விரித்துக் கூழ்வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். அத்தை பதறிப்போய், "நீதானேடா சொன்னே? வேர் சுவத்தைத் தள்ளுது, வித்துடட்டுமான்னு உன்னைத்தானே கேட்டேன்? கல்யாணத்துல வெச்சு, ரெண்டு தரம் கேட்டேனே" என்றார். எட்டாயிரம் ரூபாய்க்குப் போயிருந்தது. அதில் என் பங்கு என்று நாலாயிரத்தை ஒரு மஞ்சள் பையில் சுருட்டி எனக்காக எடுத்து வைத்திருந்தார். அவரை நான் என்ன சொல்ல முடியும்? அன்று பின்னணியில் என்ன பாட்டு ஒலித்தது என்று இப்போது எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

நீங்கள் இசைக்கே விரோதியா என்று கேட்பீர்கள். சிறுவயதில் எங்கள் தெருக் கல்யாணங்களில் மைக் செட்டுக்காரர் குழாய் ஸ்பீக்கரைத் தென்னையில் கட்டி, இரண்டு நாளும் அலற விடுவார். எங்களுக்கு அதுதான் கல்யாணமே. ஆனால் குழாயின் வாய் தெருவைப் பார்த்து இருக்கும். இந்த வீட்டில் விசேஷம் என்று ஊருக்குச் சொல்வதற்கு அது. பந்தி நடக்கும் கொல்லைப் பக்கம் யாரும் அதைத் திருப்பி வைத்ததில்லை. அங்கே வேறு சத்தங்கள் இருந்தன. "சாதம் சாதம் சாதம்" என்று ஓடிவருகிறவர் குரல், அப்பளம் நொறுங்குவது, யாரோ ஒரு மாமா பாயசத்தை இலையிலிருந்து கையால் வழித்து உறிஞ்சுகிற சத்தம். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

அப்படியானால் ஒன்று செய்யுங்கள். வரவேற்பில் உண்மையிலேயே இசை தேவைப்படுகிறவன் வரிசையில் நிற்கிறவன். மேடையேறி ஒரு போட்டோவுக்காக முக்கால் மணி நேரம் பரிசுப் பொட்டலத்தோடு கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறான். அவன் பக்கத்தில் ஒரு சின்ன மேடை போட்டு, வீணையையும் வயலினையும் அங்கே உட்கார வையுங்கள். வேறு போக்கிடம் இல்லாததால் கேட்பான். சிலர் நன்றாகவே கேட்பார்கள். வாசிக்கிறவர்களுக்கும் அறுநூறு முதுகுகளுக்குப் பதிலாக நாற்பது முகங்கள் கிடைக்கும். சாக்ஸபோனையும் அங்கேயே, ஒரு மணி நேரம் அது, ஒரு மணி நேரம் இது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், கை கழுவுகிற இடத்தில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்து, சொல்லே இல்லாத புல்லாங்குழல் எதையாவது போட்டுவிட்டு, சத்தத்தைக் கூட்டுகிற குமிழைச் சவுண்ட் சர்வீஸ் தம்பியிடமிருந்து கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் கேட்டிருந்தீர்கள், தர மறந்துவிட்டேன். உங்கள் செல்போனில் இருப்பதே போதும்.

பாட்டியைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அந்த மெஷின் பேச்சையும் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். உங்களுக்கு 91 என்றால் அவருக்குத் தலைக்குள் இடிக்கும். அதனால்தான் கழற்றிப் பைக்குள் போடுகிறார். எதிலும் கலந்துகொள்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படிக் கலந்துகொள்வார்? மண்டபத்துக்காரரிடம் சாப்பாட்டுக் கூடத்தின் வரைபடம் கேட்டு வாங்குங்கள். பாட்டி எந்த மூலையில், சுவருக்கு முதுகு கொடுத்து, யார் யாருக்கு நடுவில் உட்காரப்போகிறார் என்று முதலில் குறியுங்கள். பெட்டி அதற்கு நேர் எதிர்மூலைக்குப் போகட்டும். பாட்டியின் வலப்பக்க இலை உங்களுடையது. மெஷினை மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். அவர் ஏதாவது கேட்டு உங்களுக்குச் சரியாக விழவில்லை என்றால், மூன்றாவது தடவையும் கேளுங்கள்.