ஸ்க்ரூஜின் முதல் முதலாளி: ஃபெஸிவிக் கேள்வி பதில்

டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ குறுநாவலில், கஞ்சன் ஸ்க்ரூஜ் சிறுவயதில் வேலை பழகிய இடத்து முதலாளி ஃபெஸிவிக். அவரைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: இவர் சில பக்கங்கள்தானே வருகிறார்? ஏன் இவ்வளவு பேச்சு?

ப: சில பக்கங்கள்தான். ஸ்க்ரூஜைத் திருத்த வரும் மூன்று ஆவிகளில் முதல் ஆவி, அவரைக் கடந்த காலத்துக்குக் கூட்டிப்போய் இவர் வைத்த கிறிஸ்துமஸ் விருந்தைக் காட்டும் இடத்தில் மட்டும் வருவார். ஆனால் 1843 டிசம்பர் 19 அன்று வெளியான முதல் பதிப்பைத் திறந்தால், ஜான் லீச் வரைந்த முகப்புப் படத்தில் ஆடிக்கொண்டிருப்பது இவர்தான். ஸ்க்ரூஜுக்குக்கூட அந்த இடம் கிடைக்கவில்லை.

கே: ‘வெல்ஷ் விக்’ போட்டிருப்பார் என்று வருகிறது. எங்கள் நாடகத்துக்கு வெள்ளை டோப்பா வாங்கலாமா?

ப: அவசரப்படாதீர்கள்! பெயரில்தான் விக். அது கம்பளி நூலில் பின்னிய குல்லா. மங்கி குல்லாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கே: என்ன வியாபாரம் செய்தார்?

ப: டிக்கன்ஸ் சொல்லவில்லை. ஒரு கிடங்கு, அவ்வளவுதான்.

கே: வருஷம் முழுக்கக் கசக்கிப் பிழிந்துவிட்டு டிசம்பரில் பிரியாணி போடும் முதலாளியிடம் வேலை பார்க்கிறேன். இவரும் அதே ரகம்தானே?

ப: உங்கள் சந்தேகம் ஆவிக்கே வந்துவிடுகிறது. விருந்தைக் காட்டிவிட்டு, “மூன்று நாலு பவுன் செலவழித்திருப்பார், அதற்கா இத்தனை புகழ்ச்சி?” என்று சீண்டுகிறது. பணமே குறியாக இருந்த ஸ்க்ரூஜ் சட்டென்று சூடாகிவிடுகிறார்: நம் வேலையை லேசாக்குவதும் பாரமாக்குவதும் அவர் கையில் இருந்தது, ஒரு பார்வையில், ஒரு சொல்லில் இருந்தது, அதையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட முடியுமா என்கிறார். சொன்ன கையோடு தன் குமாஸ்தா பாப் கிராட்சிட் ஞாபகம் வந்து வாயடைத்துப் போகிறார். பாபுக்கு வாரம் 15 ஷில்லிங் சம்பளம். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது பாபின் நாலு வாரச் சம்பளம். ஆவி சொல்வது போல அது அற்பத் தொகை என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், விருந்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். சமையல்காரி தன் அண்ணனின் சிநேகிதனான பால்காரனோடு வருகிறாள். எதிர்வீட்டு முதலாளியிடம் அரைவயிற்றோடு கிடப்பான் போலிருக்கும் பையனும் வருகிறான். கடைப்பலகைகளை மாட்டச் சொன்னதும் பன்னிரண்டு எண்ணுவதற்குள் பையன்கள் மாட்டிவிட்டு மூச்சிரைக்க நிற்கிறார்கள். பதினோரு மணிக்கு ஃபெஸிவிக் தம்பதி வாசலின் இருபுறமும் நின்று ஒருவர் விடாமல் கைகுலுக்கி வழியனுப்புகிறார்கள்.

ஆனாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். எல்லோரும் போனபின் ஸ்க்ரூஜும் உடன் பழகியவன் டிக்கும் படுக்கப் போவது கடையின் பின்கட்டில், கல்லாமேசைக்கு அடியில். அந்தக் காலத்துத் தொழில் பழகும் பையன்களின் வாழ்க்கை அப்படி.

கே: சினிமாவில் இவர் கடையை இழப்பாரே?

ப: அது 1951 படம். மூலக் கதையில் இல்லை. 1992-இல் வந்த மப்பெட் பொம்மைகளின் படத்திலோ ஃபோஸி கரடிதான் ஃபெஸிவிக், ரப்பர் கோழி தொழிற்சாலை முதலாளி! எனக்கு அதுவும் பிடிக்கும்.

கே: அந்த டிக் என்ன ஆனான்?

ப: கதை சொல்வதில்லை. “என்மேல் ரொம்ப ஒட்டுதலாக இருந்தான், பாவம் டிக்” என்று ஸ்க்ரூஜ் முனகுவதோடு சரி.